குடிக்காதவன் ஈரல்

என் தம்பி ஜோங்மான் கால் வைக்காத சமையலறை குவாங்யாங் ஊரில் கிடையாது. பாய்லர் பழுது பார்ப்பது அவன் தொழில். தரைக்கு அடியில் வெந்நீர் ஓடினால்தான் எங்கள் வீடுகளில் குளிர்காலத்தைத் தள்ள முடியும். அது நின்றுவிட்டால் மாமியாரும் மருமகளும் சண்டையை நிறுத்திவிட்டு ஒன்றாக அவனுக்குப் போன் போடுவார்கள். இருபத்தாறு வருடமாக அதே நீலச் சட்டை, அதே கருவிப் பை. அவனைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "என்னைப் பத்தி என்னக்கா இருக்கு? பாய்லரைப் பத்தி எழுது, நாலு பேருக்குப் பிரயோஜனப்படும்" என்றான். அவன் சொல்வது கிடக்கட்டும். எனக்கு மூச்சு இருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்பது என் எண்ணம். அந்த மூச்சு அவன் கொடுத்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவன் வீரன் இல்லை. நாய் இருக்கும் வீட்டில் அதைக் கட்டிப்போட்டால்தான் உள்ளே போவான். பல் பிடுங்கப் போனால் அவன் மனைவி ஓக்சூன் கூடப் போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே முகம் வெளுத்துவிடும். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கூலியில் பாதி சோஜுச் சாராயமாக அவர் வயிற்றுக்குள் போனது. நாற்பத்தொன்பது வயதில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ரத்தம் கக்கிச் செத்தார். நான் அப்போது பூசானில் துணி ஆலையில் வேலை பார்த்தேன். பதினேழு வயது ஜோங்மான்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் துணைக்கு இருந்தான். பார்க்கக் கூடாததையெல்லாம் அவன் பார்த்தான்.

அன்றிலிருந்து ஒரு சொட்டு குடித்ததில்லை. எங்கள் ஊரில் ஓர் ஆண்பிள்ளை குடிக்காமல் காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமில்லை. கம்பெனி விருந்தில் மேலதிகாரி தன் கையால் ஊற்றிக் கொடுக்கும் கிண்ணத்தை வேண்டாம் என்றால் அவர் முகத்தில் அடித்த மாதிரி. "என்னப்பா, மொட்டையடிச்சுக் கோயில்ல சாமியாராச் சேரப் போறியா?" என்று கேட்பார்கள். ஜோங்மான் சிரித்துக்கொண்டே பிளம் தண்ணீர்க் கிண்ணத்தை உயர்த்தி அவர்கள் கிண்ணத்தில் முட்டுவான். கேலி செய்து செய்து அவர்களுக்குத்தான் அலுத்துப்போனது.

அந்தப் பிளம் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் பிளம் விளையும் ஊர். ஜூன் மாதம் பச்சைக்காய் சந்தைக்கு வந்ததும் வீட்டுக்கு வீடு ஜாடி நிரம்பும். ஒரு கிலோ காய்க்கு ஒரு கிலோ சர்க்கரை. ஓர் அடுக்கு காய், ஓர் அடுக்கு சர்க்கரை என்று போட்டு நூறு நாள் மூடி வைத்தால் பாகு. வயிற்றுவலியா, ஜலதோஷமா, மாமனார் திட்டினாரா, எல்லாவற்றுக்கும் அதில் இரண்டு கரண்டி எடுத்துத் தண்ணீரில் கலந்து குடிப்போம். நூறு நாளில் சர்க்கரை போய்விடும், மருந்து மட்டும் நிற்கும் என்பது ஊர் நம்பிக்கை. எங்கே போகும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

வேலைக்கு வந்தவனை வெறும் வாயோடு அனுப்பினால் வீட்டுக்காரிக்கு மானக்கேடு. மற்ற ஆட்கள் காப்பி வாங்கிக் குடிப்பார்கள். ஜோங்மான் காப்பியும் வேண்டாம், பிளம் தண்ணீர் போதும் என்பான். குடிக்காத மனுஷன், குணமான மனுஷன் என்று கிழவிகள் பாகைக் கரண்டி கரண்டியாகக் கவிழ்ப்பார்கள். ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு, வீட்டுக்கு ஒரு கிளாஸ். சாயங்காலம் வீடு திரும்பினால் ஓக்சூன் கலக்கி வைத்தது வேறு. அவள் பிளம்மோடு நிற்கவில்லை. மல்பெரிப் பழம், வெங்காயம், காட்டுக்கிழங்கு என்று கண்ணில் பட்டதையெல்லாம் சர்க்கரையில் புதைத்து ஜாடி ஜாடியாக வைத்திருந்தாள். புருஷன் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாள் என்று நானே அவளை நாலு பேரிடம் மெச்சியிருக்கிறேன்.

சாப்பாட்டிலும் அவன் படு கறார். பன்றி இறைச்சி சுட்டுச் சாப்பிடப் போனால், கத்தரிக்கோலால் கொழுப்பை நறுக்கி என் தட்டில் தள்ளுவான். "கொழுப்பு உடம்புக்கு ஆகாதுக்கா" என்று புத்திமதியும் சொல்லிக்கொண்டே தள்ளுவான். எனக்கு மட்டும் ஆகுமாக்கும். நானும் தின்றேன்.

கடைசியில் ஈரல் கெட்டது எனக்குத்தான். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு தையல் கடை உண்டு. கால்சட்டையைச் சுருக்குவேன், கோட்டுக்கு ஜிப் மாற்றுவேன். கணவர் சாலை விபத்தில் போய்ப் பன்னிரண்டு வருடம், பிள்ளை இல்லை. நாற்பத்தெட்டு வயதில் எனக்கு உடம்பெல்லாம் அரிப்பு ஆரம்பித்தது. சோப்பை மாற்றினேன், போர்வையை மாற்றினேன், அரிப்பு மாறவில்லை. ஈரலுக்குள் இருக்கும் நுண்ணிய பித்தக் குழாய்களை உடம்பே பகையாளி என்று நினைத்து அழிக்கும் நோய் என்றார்கள். மாத்திரையில் ஒன்பது வருடம் ஓடியது. பிறகு வயிற்றில் நீர் கோத்தது, கண் மஞ்சளானது. கடைக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தி, எத்தனை நாளாகக் குடிக்கிறாய் என்று கேட்பார்கள். ஈரல் கெட்டால் குடிகாரி என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒருத்தியின் பாவாடையை வேண்டுமென்றே ஒரு விரற்கடை அதிகமாகச் சுருக்கிக் கொடுத்தேன். அதற்கு இன்றுவரை வருத்தப்படவில்லை.

2016 செப்டம்பரில் சியோல் ஆஸ்பத்திரியில் டாக்டர் யோம் ஒளிக்காமல் சொன்னார். ஈரல் கல்லாகிவிட்டது. மாற்று ஈரல் வைத்தால் பிழைக்கலாம், இல்லையென்றால் வசந்தம் வரை போவது சந்தேகம். இறந்தவர் ஈரலுக்குக் காத்திருக்கும் வரிசை நீளம். உறவுக்காரர் யாராவது தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால், கொடுத்தவருக்கு மீதி வளர்ந்துவிடும், எனக்கும் வளரும். எங்கள் நாட்டில் மகன் அப்பாவுக்குக் கொடுப்பதும் தங்கை அண்ணனுக்குக் கொடுப்பதும் அடிக்கடி நடப்பதுதான். எனக்கு இருந்தது ஒரே தம்பி. நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த ஜோங்மான்தான் சொன்னான்.

"என்னோடதை எடுங்க டாக்டர். நான் குடிச்சதே இல்லை. உள்ள சுத்தமா இருக்கும்."

அடுத்த வீட்டுப் பாய்லரைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னான். எனக்கு அழுகை வந்தது. அழுதால் முகம் அசிங்கமாகும் என்பதால் அவன் சட்டைப் பொத்தான் தளர்ந்திருப்பதைக் காட்டித் திட்டினேன்.

இரண்டு நாள் அவனுக்குச் சோதனை நடந்தது. ரத்த வகை பொருந்தியது. மூன்றாம் நாள் சொன்ஜு என்ற நர்ஸ் என் கட்டிலுக்கு வந்தார். ஈரல் கொடுப்பவர்களையும் வாங்குபவர்களையும் கவனித்துக்கொள்வதுதான் அவர் வேலை. உங்கள் தம்பியின் ஈரல் இப்போதைக்கு ஆகாது, அதில் கொழுப்பு அதிகம் என்றார். நான் சிரித்துவிட்டேன். தொப்பைகூட இல்லாதவன், இறைச்சியில் கொழுப்பை நறுக்கி எறிகிறவன், சோஜு தொடாதவன். அவன் ஈரலில் கொழுப்பாம்.

நர்ஸ் போனதும் பக்கத்துக் கட்டில் திருமதி குக் என் பக்கம் சாய்ந்தாள். அவளும் ஈரலுக்குக் காத்திருந்தவள்.

"உள்ளதைச் சொல்றேன், கோவிச்சுக்காதம்மா. கொடுக்க மனசில்லாதவங்களைத் தனியா கூப்பிட்டுக் கேப்பாங்க. பயமா இருக்குன்னு சொன்னா போதும், இவங்களே ஒரு காரணத்தைப் பண்ணிக் கொடுத்துடுவாங்க. குடும்பத்துல மனஸ்தாபம் வராது பாரு. என் கொழுந்தனுக்கு ரத்தக்குழாய் சரியில்லைன்னாங்க. அவன் போன வாரம் மலையேறப் போயிருக்கான்."

அவள் சொன்னதை நான் நம்பிவிட்டேன். அன்று மத்தியானம் ஜோங்மான் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டில் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, எட்டு வாரம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் கொழுப்பைக் கரைத்துவிடுவேன் என்றான். எட்டு வாரம் என்பது நான் சாகத் தோதான அவகாசம் என்று நினைத்துக்கொண்டேன். "வேணாம்டா. நீ நல்லா இரு" என்றேன். நல்லா இரு என்பதை எப்படிச் சொன்னால் சாபமாகும் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் சொன்னேன்.

ஊர் திரும்பி ஒன்பது நாள் நான் அவன் போனை எடுக்கவில்லை. வாசலில் கஞ்சிப் பாத்திரம் வைத்துவிட்டுப் போவான். கதவைத் திறக்க மாட்டேன், கஞ்சியை மட்டும் எடுத்துக் குடிப்பேன். கோபம் வேறு, பசி வேறு.

பத்தாம் நாள் ஓக்சூன் கடைக்கு வந்தாள். சட்டைக் கை முழங்கைவரை பிசுபிசுத்திருந்தது. உட்காரச் சொல்லும் முன்பே சொல்லிவிட்டாள்.

"எல்லாத்தையும் ஊத்திட்டேன் அண்ணி. பதினோரு ஜாடி. நான்தான் அவரு ஈரலைக் கெடுத்தேன். மருந்து மருந்துன்னு நானே கலக்கிக் கொடுத்தேன்."

பதினோரு ஜாடி. எங்கள் ஊரில் மூன்று வருடப் பிளம் பாகைச் சாக்கடையில் ஊற்றுவது அரிசி மூட்டையை ஆற்றில் போடுவதற்குச் சமம். ஒரு பொய்யைக் காப்பாற்ற எந்தப் பெண்ணும் அதைச் செய்ய மாட்டாள். என் சந்தேகம் ஆட்டம் கண்டது. ஆனாலும் நான் லேசில் நம்புகிறவள் இல்லை. அந்த வாரம் வயிற்று நீரை எடுக்க சியோல் போனபோது அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு நேராக டாக்டர் யோமின் அறைக்குள் போனேன். குடிக்காதவனுக்குக் கொழுப்பு எங்கிருந்து வந்தது, எனக்குக் காட்டுங்கள் என்றேன். ஜோங்மான் சம்மதம் சொன்னதும் காட்டினார்.

திரையில் இரண்டு ஈரல். ஒன்று யாரோ ஒருவருடையது, ஒரே சீராகச் சாம்பல் நிறம். மற்றது என் தம்பியுடையது. பக்கத்துச் சிறுநீரகம் கறுப்பாகத் தெரிய, அது மட்டும் பனி பெய்த வயல் போல வெளுத்துக் கிடந்தது. அந்த வெளுப்பெல்லாம் கொழுப்பு என்றார். நூற்றுக்கு நாற்பது பங்கு.

"நான் கொழுப்பே தின்னதில்லையே டாக்டர்" என்றான் ஜோங்மான். பள்ளிக்கூடத்தில் தப்பாக மதிப்பெண் போட்டுவிட்டதாக முறையிடும் பையனின் குரல்.

"நீங்க தின்னலை. உங்க ஈரலே தயார் பண்ணிக்கிச்சு" என்றார் டாக்டர். "பழத்துல, பாகுல இருக்கிற இனிப்புல பாதி நேரா ஈரலுக்குத்தான் போகும். எரிச்சது போக மிச்சத்தை ஈரல் கொழுப்பா மாத்தும். கொஞ்சத்தை ரத்தத்துல வெளியே அனுப்பும். தினமும் எட்டு கிளாஸ் வந்தா எவ்வளவுதான் அனுப்பும்? அனுப்ப முடியாததைத் தனக்குள்ளேயே அடுக்கிக்கும்."

நூறு நாள் ஊறினால் சர்க்கரை போய்விடுமே என்று ஓக்சூன் மெல்லக் கேட்டாள். எங்கேயும் போகாது, இரண்டாக உடைந்து அதே ஜாடிக்குள்தான் இருக்கும் என்றார். சாராயத்திலிருந்தும் ஈரல் கொழுப்புச் செய்யும், சர்க்கரையிலிருந்தும் செய்யும். அதன் கண்ணுக்கு இரண்டும் மிச்சச் சரக்கு. கொழுப்பு நிறைந்த ஈரலை வெட்டி எனக்கு வைத்தால் அது உயிர் பிடிக்காமல் போகலாம். அவனிடம் மீதியிருப்பதும் வளரத் திணறும். அதனால்தான் ஆகாது என்றார்களே தவிர வேறு காரணம் இல்லை.

பிறகு என் தம்பியைப் பார்த்து, "இப்படியே விட்டா எல்லாருக்கும் ஆகும்னு சொல்ல மாட்டேன். ஆனா சிலருக்கு அந்தக் கொழுப்பு புண்ணாகும், புண்ணு தழும்பாகும், தழும்பு கல்லாகும். உங்களுக்குப் புண்ணு லேசா ஆரம்பிச்சிருக்கு. உங்க அக்கா ஒரு வழியில வந்து சேர்ந்த இடத்துக்கு நீங்க இன்னொரு வழியில வந்துட்டிருக்கீங்க" என்றார். நல்ல செய்தியும் உண்டு என்றார். ஈரல் சேர்த்ததை ஈரலே செலவழிக்கும், நாம் மேலும் மேலும் கொட்டாமல் இருந்தால். எட்டு வாரத்தில் நன்றாகவே கரையும்.

அறையை விட்டு வெளியே வந்தபோது வெட்கத்தில் என் காது சுட்டது. மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ரயில் நிலையத்தில் அவனுக்கு ஒரு வேகவைத்த முட்டை வாங்கி உரித்துக் கொடுத்தேன். அவன் ஒன்றும் கேட்காமல் வாங்கித் தின்றான்.

அந்த எட்டு வாரத்தை என் தம்பி எப்படிக் கடந்தான் என்பது ஊருக்கே தெரியும். அக்டோபர், நவம்பர் பாய்லர்க்காரனுக்கு மூச்சு விட நேரமில்லாத மாதங்கள். வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, கருவிப் பையைத் தோளில் போட்டு வீட்டுக்கு வீடு நடந்தான். சோற்றைப் பாதியாக்கினான். இனிப்பு உதட்டில் படக் கூடாது என்று, வாங்கிய கிம்ச்சி ஊறுகாயில்கூடச் சர்க்கரை உண்டா என்று பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தான். அதையெல்லாம் சமாளித்துவிடலாம். கிழவிகளைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

பிளம் தண்ணீர் வேண்டாம் என்று முதல் வாரம் சொன்னபோது பெரிய கலவரம். இருபது வருடமாகக் குடித்தவன் இன்று முகம் திருப்புகிறான் என்றால் என்ன அர்த்தம்? என் வீட்டுப் பாகு புளித்துவிட்டதா? ஒருத்தி கம்பெனிக்கே போன் செய்து, உங்கள் ஆளுக்கு மண்டைக்கனம் ஏறிவிட்டது, வேறு ஆளை அனுப்புங்கள் என்று புகார் கொடுத்தாள். மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். பொய் சொல்லத் தெரியாதவன், அடுத்த வீட்டிலிருந்து உண்மையைச் சொல்ல ஆரம்பித்தான். அக்காவுக்கு ஈரல் கொடுக்க வேண்டும், இனிப்பு ஆகாது என்றான்.

மூன்றே நாளில் செய்தி ஊர் முழுக்கப் பரவியது. அவன் போகும் வீட்டிலெல்லாம் வறுத்த பார்லித் தண்ணீர் தயாராக இருந்தது. இந்த வீட்டிலிருந்து கிளம்பியதும் அடுத்த வீட்டுக்குப் போன் போகும்: வருகிறான், சீமைப்பனிச்சைப் பழத்தட்டை உள்ளே எடுத்து வை. அது எங்கள் பக்கம் இலையுதிர்காலத்தில் வீட்டுக்கு வீடு தொங்கும் பழம், தேன் போல இனிக்கும். புகார் கொடுத்த கிழவி ஒரு சந்தைப் பை நிறைய முள்ளங்கியைக் கொண்டுவந்து என் கடையில் இறக்கினாள். "உன் தம்பிக்கு வெறும் முள்ளங்கி சூப்பா வச்சுக் கொடு. உப்பும் குறைச்சலா போடு. அவன் ஈரல்ல எனக்கும் பங்கு உண்டு, இருபது வருஷமா நான் ஊத்தினது" என்றாள். ஜென்மத்தில் அப்படிச் சிரித்ததில்லை. சிரித்தால் வயிற்று நீர் குலுங்கி வலிக்கும், ஆனாலும் சிரித்தேன். அந்தப் பெண்களுக்கு நான் எந்தப் பிறவியில் நன்றிக்கடன் தீர்ப்பேன் என்று தெரியவில்லை.

அவன் கரைந்துகொண்டிருந்தான், நானும் கரைந்துகொண்டிருந்தேன். அதுதான் பயம். யார் முந்துவது என்று ஓர் ஓட்டப்பந்தயம். ஆறாம் வாரம் ஒரு நாள் காலையில், தையல் கத்தரிக்கோலைக் குக்கருக்குள் வைத்து மூடிவிட்டு, செத்துப்போன கணவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். எனக்கு நினைவில்லை. கஞ்சி கொண்டுவந்த ஓக்சூன் பார்த்துவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். கெட்ட ஈரல் வடிகட்டாத நஞ்சு மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். சியோலில் சேர்த்தார்கள். தெளிவு வருவதும் போவதுமாக இருந்தேன். தெளிந்தபோதெல்லாம் இன்னும் எத்தனை நாள் என்று கேட்டேனாம்.

ஏழாம் வாரக் கடைசியில் ஜோங்மானைப் படமெடுத்தார்கள். நூற்றுக்கு நாற்பதாக இருந்த கொழுப்பு எட்டாகியிருந்தது. உறுதிப்படுத்த விலா இடுக்கில் ஊசி விட்டு ஈரலில் துணுக்கு எடுக்க வேண்டும். ஓக்சூன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரலில் அவன் நகம் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது என்று பிறகு காட்டினாள். நல்ல முடிவு வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எங்களை அடுத்தடுத்த அறைகளுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

விழித்தபோது முதலில் தெரிந்தது வலி இல்லை. அரிப்பு நின்றுபோனதுதான். ஒன்பது வருடமாக என் தோலுக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்புகள் போய்விட்டன. நான் வாய்விட்டு அழுதேன். நர்ஸ் வலிக்கிறதா என்று கேட்டார். இல்லையம்மா, அரிக்கவில்லை என்றேன். அந்த ஈரல் வந்த நாளிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் யோம் சொன்னார். ஜோங்மானிடம் மீதியிருந்ததும் நன்றாக வளர்கிறது, புண்ணும் ஆறிவிட்டது என்றார். நீங்கள் நோயில் விழாமல் இருந்திருந்தால் அவர் ஈரலை யாரும் திறந்து பார்த்திருக்கவே மாட்டார்கள் என்றும் சொன்னார்.

இரண்டாம் வாரம் எங்களை நடக்கச் சொன்னார்கள். ஆளுக்கொரு சலைன் மாட்டிய சக்கரக் கம்பியைத் தள்ளிக்கொண்டு நடைவழியில் நடந்தோம். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்தான், நானும் அப்படியே. எங்களைப் பார்த்தால் எதையோ கீழே தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் போல இருந்திருக்கும். ஜன்னலோரம் நின்றோம். கீழே பேருந்து நிறுத்தம் தெரிந்தது. மனதில் வைத்துக்கொண்டே இருந்தால் புது ஈரலும் கெட்டுவிடும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன். முதலில் கொழுப்பு என்றபோது நான் நம்பவில்லை, நீ பயந்துபோய் நர்ஸிடம் சொல்லிக் காரணம் வாங்கிக்கொண்டாய் என்று நினைத்தேன், ஒன்பது நாள் உன்னை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன், தப்புடா என்றேன். மன்னிப்புக் கேட்பது அதுதான் எனக்கு முதல் தடவை.

அவன் கீழே பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தான்.

"தப்பில்லைக்கா" என்றான். "நான் கேட்டேன்."

என்னத்தைக் கேட்டாய் என்றேன்.

"ரெண்டாம் நாள் அந்த நர்ஸம்மா தனியா கூப்பிட்டாங்க. மனசு மாறினா சொல்லுங்க, பொருந்தலைன்னு நாங்க சொல்லிக்கிறோம்னாங்க. எனக்கு அப்பா ஞாபகமாவே இருந்துச்சு. பயத்துல என் ஈரலே பயறு அளவுக்குச் சுருங்கிப்போன மாதிரி இருந்துச்சு. ஆமா, அப்படியே சொல்லிடுங்கன்னேன். அவங்க கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, பொய் சொல்ல வேண்டியதே இல்லை, உங்க ஈரல் நிஜமாவே இப்போ ஆகாதுன்னுட்டாங்க."

நான் சலைன் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"கீழ இறங்கி அந்த நிறுத்தத்துல போய் உக்காந்தேன். சந்தோஷமா இருந்துச்சுக்கா. உன்கிட்ட மறைக்க மாட்டேன், அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. ரெண்டு பஸ் வந்துட்டுப் போச்சு. அப்புறம் திரும்பி மேல வந்து, இதைக் கரைக்க முடியுமான்னு கேட்டேன்."

பேச்சு வராதபோது எதையாவது கேட்டுவைப்பது என் சுபாவம். அந்த நர்ஸின் அறை ஆறாவது மாடியாயிற்றே, லிஃப்ட் கிடைத்ததா என்று கேட்டேன்.

"லிஃப்ட் சும்மாதான் நின்னுச்சு. நான் படியில ஏறினேன். லிஃப்ட்ல போனா சீக்கிரம் அந்த அறைக்குப் போயிடுவேனோன்னு பயம்."

அப்படி நடுங்கிக்கொண்டே ஆறு மாடியும் ஏறியிருக்கிறான். நான் அவன் கையைப் பிடித்தேன், அது ஜில்லென்று இருந்தது. நடைவழிக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டே நடந்தேன்.